ஆறுதலும் ஆயுதமும்

1941ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஜேர்மன் விமானங்கள் பெல்கிறேட் நகரைக் குண்டுவீசித் தகர்த்தன. நகரம் வீழ்ந்தபின் அங்கிருந்த வானொலி நிலையத்தைக் கைப்பற்றிய ஜேர்மன் இராணுவம், அதனைத் தன் சிப்பாய்களுக்கான ஒலிபரப்பு நிலையமாக மாற்றிக்கொண்டது. ஒலிபரப்புவதற்குப் போதிய இசைத்தட்டுகள் இல்லை. வியன்னாவிலிருந்து ஒரு கட்டு இசைத்தட்டுகள் தருவிக்கப்பட்டன. அவற்றினிடையே, எவரும் பெரிதாக விரும்பி வாங்காத பாட்டொன்றும் கிடந்தது. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1915இல், போர்முனைக்குப் புறப்படவிருந்த ஹான்ஸ் லைப் என்னும் இளைஞர் எழுதிய கவிதை அது. 1938இல் நோர்பேட் ஷுல்ற்ஸ என்பவர் அதற்கு இசை அமைத்தார். மறு ஆண்டு லாலே அண்டர்சன் என்ற பாடகி அதைப் பாடி இசைத்தட்டிற் பதிவு செய்தார். பாசறை வாயிலில், விளக்கின் கீழே, காதலியிடம் விடைபெற்றுப் போகும் காவற் சிப்பாய் ஒருவனின் நினைவே பாட்டின் பொருள். 'லிலி மார்லேன்' என்பது அதன் பெயர்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து, இரவு பத்து மணிக்குச் சற்று முன்னதாக, இப்பாட்டு பெல்கிறேட்டிலிருந்து ஒலிக்கத் தொடங்கிற்று. மத்தியதரைக் கடலைக் கடந்து லிபியப் பாலைவனம் வரை அதன் அலைகள் சென்றன. அங்கே றொம்மலின் சிப்பாய்கள் அதைக் கேட்டார்கள். அவர்களைக் கொல்வதற்கென்றே மணலிற் பதுங்கியிருந்த பிரித்தானிய எட்டாவது படையின் சிப்பாய்களும் அதே அலைவரிசையைத் திருப்பி, அதே நேரத்தில், அதே பாட்டைக் கேட்டார்கள். நாஜிப் பிரசார மந்திரி கோயபெல்ஸுக்கு இப்பாட்டுப் பிடிக்கவில்லை. வீரத்தை வளர்க்க வேண்டிய வானொலி ஒப்பாரி வைப்பதாக அவர் கருதினார். ஆனால் பாட்டை நிறுத்தியபோது, அதைத் திரும்பப் போடுமாறு போர்முனைகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன.

யுத்தத்தின் நடுவிலும் மனிதாபிமானம் மலர்ந்தது என்பதற்குச் சான்றாக இக்கதையைப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. பகைவர் இருவர் ஒரே பாட்டிற்குக் கண் கலங்கினார்கள் என்று சொல்லி அவர்கள் கதையை முடித்துவிடுவார்கள். நாம் அங்கே நிறுத்த விரும்பவில்லை. பாட்டு எந்த நகரத்திலிருந்து வந்ததோ அந்த நகரத்திற்கே ஒருமுறை திரும்பிப் போவோம்.

பெல்கிறேட்டிலிருந்து பார்த்தாற் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சாவா நதியின் மறுகரையில், ஒரு பொருட்காட்சி மைதானம் இருந்தது. 1941 டிசம்பரிலிருந்து யூதப் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் நாஜிகள் அங்கே அடைத்து வைத்தார்கள். 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற்கும் மே மாதத்திற்கும் இடையில், வேறொரு முகாமுக்கு மாற்றப்படுவதாகச் சொல்லி, அவர்களைத் தொகுதி தொகுதியாக ஒரு மூடுவண்டியில் ஏற்றினார்கள். வண்டி பாலத்தைக் கடக்கும். நகரத்தின் ஊடாக ஓடும். அதன் இயந்திரப் புகை வண்டிக்கு உள்ளேயே திருப்பிவிடப்பட்டிருக்கும். நகரத்துக்கு வெளியேயுள்ள யயின்ற்சி என்னும் இடத்தை அடையும்போது உள்ளே உயிரோடு எவரும் இருக்கமாட்டார்கள். இவ்வாறு கொல்லப்பட்டோர் 6,000க்கும் மேற்பட்டவர்கள். பகலில் அந்த வண்டி ஓடிய அதே நகரத்திலிருந்தே இரவில் அந்தப் பாட்டும் புறப்பட்டது.

பாலைவனத்தில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்த சிப்பாய்க்கு அந்த வண்டி தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கும் பெண்ணும் விடைபெறுதலுமே. அப்பாட்டு அவனுக்கு அளித்த ஆறுதல் பொய்யானதல்ல. அவன் விட்ட கண்ணீரும் உண்மையானதே. இங்கேதான் நமக்குள் ஒரு வினா எழுகிறது. கொலையை நடத்துபவனின் கையிலிருந்து வரும் ஆறுதல் ஆறுதல்தானா? அதைக் கொடுப்பது அறமா? அதைப் பெற்றுக்கொள்வது குற்றமா?

முற்போக்கு நோக்கு உடையோர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் இதற்கு ஒரு விடையை எப்போதும் ஆயத்தமாகவே வைத்திருக்கிறோம். யந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போலச் சிப்பாய்க்குப் பாட்டு விடுகிறார்கள். அது யந்திரத்தின் நன்மைக்காக அன்று, அது ஓட வேண்டும் என்பதற்காகவே என்பது அந்த விடை. இது பிழையென்று சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வளவு இலகுவாகக் கிடைக்கும் விடையை நாம் சற்றுச் சந்தேகத்தோடு நோக்கவேண்டும். எண்ணெய் எங்கே போகிறது என்று யந்திரம் தீர்மானிப்பதில்லை. சிப்பாயோ தன் இராணுவம் கொடுத்த பாட்டை விட்டுப் பகைவனின் பாட்டைத் தேடிப் போனான். பதுங்கு குழியில் இருப்பவனை வெறுங் களிமண்ணாகக் காண்பது, அவனை அங்கே அனுப்பிய தளபதியின் பார்வை. அதே பார்வையை நாமும் இரவல் வாங்கிக்கொண்டு அவனுக்காக இரங்குவது முறையாகாது.

எதிர்த் திசையிலிருந்து வரும் விடையும் உண்டு. துன்பப்படுபவனுக்கு ஆறுதல் சொல்லும்போது அவன் எந்தப் பக்கத்தவன், சொல்பவன் யார் என்றெல்லாம் கணக்குப் பார்க்கலாகாது என்பது அது. சங்கப் பாட்டு அறிந்தவர்களுக்கு நெடுநல்வாடையிற் பாசறைக் காட்சி நினைவுக்கு வரும். நள்ளிரவிலும் உறங்காத வேந்தன், வாடைக் காற்றில் விளக்குகள் அசைய, புண்பட்ட வீரரைத் தேடிச் சென்று பார்க்கிறான். அவன் செய்ததும் படையைப் போரில் நிலைநிறுத்தும் காரியமே, மறுக்கவில்லை. எனினும் தான் அனுப்பியவனின் புண்ணை அவன் தன் கண்ணாற் காணவேண்டியிருந்தது. நவீன யுத்தம் இந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அனுப்பியவன் தலைநகரத்தில் இருக்கிறான்; ஆறுதல் அலைவழியே போகிறது; புண்ணின் நாற்றம் திரும்பி வருவதில்லை.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1940 ஜனவரியில், பிரான்சிலே காத்திருந்த தன் சிப்பாய்களுக்கென ஒரு தனிச் சேவையைத் தொடங்கிற்று. 1941 நவம்பரில் வேரா லின் என்ற பாடகி அதிற் பாட்டாலேயே கடிதம் எழுதுவது போன்ற ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். வீட்டிலிருந்து வரும் செய்திகள், குழந்தை பிறந்த செய்திகள், காதற் பாட்டுகள் ஆகியவை அதில் இடம்பெற்றன. சிப்பாய்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். அதிகாரிகளுக்கோ கவலை. இத்தகைய உருக்கமான பாட்டுகளைக் கேட்பவன் எப்படிச் சண்டை செய்வான் என்று அவர்கள் ஐயுற்றார்கள். 1942இல் மிகையுணர்ச்சிப் பாட்டுகளைத் தடுப்பதற்கென்றே கூட்டுத்தாபனம் விதிகளை வகுத்தது. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹிட்லரின் மந்திரியும் அவரை எதிர்த்துப் போரிட்ட லண்டன் அதிகாரிகளும் ஒரே விஷயத்துக்கு அஞ்சியிருக்கிறார்கள். இரண்டு அரசுகளையும் ஒன்றாக்கி ஒரே தராசில் நிறுப்பது நமது நோக்கமன்று. பாசிசத்தை முறியடித்த யுத்தம் அவசியமான யுத்தம். ஆனால் அவசியமான யுத்தத்தை நடத்துபவனும்கூட, சிப்பாயின் நெஞ்சத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று அளவு கட்ட விரும்புகிறான். வறண்டு போனால் அவன் பயித்தியமாவான். ஈரம் மிகுந்தால் வீட்டுக்குப் போக நினைப்பான். இடைப்பட்ட அந்த அளவைப் பேணுவதே வானொலியின் வேலையாயிற்று.

அமெரிக்கர் இதை ஒரு பெருந்தொழிலாகவே செய்தனர். 1942 மே மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் படையினருக்கான வானொலிச் சேவையை அமைத்து, அதன் தலைமையை விளம்பரத் தொழிலில் இருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தார்கள். வானொலி நிகழ்ச்சிகளிலிருந்து வியாபார விளம்பரங்களை வெட்டி நீக்கிவிட்டு, இசைத்தட்டுகளிற் பதித்துப் போர்முனைகளுக்கு அனுப்பினார்கள். நாட்டிலிருந்த குடிமகனுக்குக் கிடைக்காத சுத்தமான நிகழ்ச்சி, சாகப் போகிறவனுக்குக் கிடைத்தது என்பதை என்னென்று சொல்வது! சிப்பாய்கள் எழுதிக் கேட்பதையெல்லாம் நிறைவேற்றித் தரும் ஒரு நிகழ்ச்சியும் இருந்தது. ஒரு நடிகையின் பெருமூச்சைக் கேட்க வேண்டும் என்று எழுதினார்கள். நடிகை வந்து ஒலிவாங்கியின் முன் பெருமூச்சு விட்டார். கறுப்புச் சிப்பாய்களுக்கெனத் தனியாக ஜாஸ் நிகழ்ச்சி ஒன்றும் நடத்தப்பட்டது. அவர்களுக்குத் தனி முகாம், தனி உணவுக்கூடம் என்று பிரித்து வைத்த அதே இராணுவம் அது. 1948 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் கட்டளையிடும்வரை அந்தப் பிரிவினை உத்தியோகபூர்வமாகவே நீடித்தது. பெருமூச்சைக் கேட்டுப் பெற முடிந்த சிப்பாய், 'எங்களை ஏன் வேறாக இருத்துகிறீர்கள்?' என்று கேட்டு விடை பெற முடியவில்லை. விருப்பத்தைத் தெரிவிக்கலாம், வினாவைத் தெரிவிக்க முடியாது என்ற இந்த எல்லைக்கோடே நமக்கு முக்கியமானது என்று கருதுகிறோம்.

1943 அக்டோபரில் இன்னொரு விசித்திரம் நடந்தது. 'கலே' என்ற பெயரில், ஜேர்மன் சிப்பாய்களுக்கான வானொலி ஒன்று மத்திய அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கிற்று. நல்ல நடன இசை, விளையாட்டுப் போட்டிகளின் முடிவுகள், பதவி உயர்வுச் செய்திகள், குண்டுவீச்சில் எந்த நகரத்தில் எந்தத் தெரு அழிந்தது என்ற விபரம் ஆகியவற்றையெல்லாம் அது சொல்லும். ஜேர்மன் இராணுவத்தின் சொந்த வானொலியைக் காட்டிலும் அது சிப்பாய்க்கு நம்பத்தக்கதாக இருந்தது. உண்மையில் அது இங்கிலாந்திலிருந்து, 600 கிலோவாட் வலுவுடைய ஒலிபரப்பியின் மூலம், செஃப்ரன் டெல்மர் என்பவரின் தலைமையில் நடத்தப்பட்ட போலி நிலையம். ஒன்பது மெய்களின் நடுவே ஒரு பொய்யை வைத்து அனுப்புவதே அதன் முறை. சிப்பாயின் மனவுறுதியை உடைப்பதும், அவனைப் படையை விட்டு ஓடத் தூண்டுவதும் அதன் நோக்கம்.

பாசிஸ்டுகளின் படையை இப்படி ஏமாற்றியதிற் பிழையில்லை என்று நாம் உடனே சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்லவே நமக்கும் மனம் வருகிறது. ஓடிப்போன ஒவ்வொரு ஜேர்மன் சிப்பாயும் சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடும். ஆனாலும் ஓர் உறுத்தல் நீங்கவில்லை. தன் வீடு இருந்த தெரு அழிந்தது என்ற மெய்யான செய்தியை ஒரு மனிதன் தன் பகைவனின் பொய்க் குரலிடமிருந்து பெறுகிறான். அவனுடைய சொந்த அரசு அதை அவனுக்கு மறைக்கிறது. இரு பக்கத்தாரும் அவனை ஒரு மனிதனாகக் கருதி அச்செய்தியைச் சொல்லவில்லை. ஒருவர் அதைப் பூட்டி வைத்தார், மற்றவர் அதைத் தூண்டில் இரையாக்கினார். டெல்மர் தம் அனுபவங்களை 1962இல் நூலாக எழுதியபோது, எறிந்தவனிடமே திரும்பி வரும் எறிகருவியின் பெயரையே அதற்குத் தலைப்பாக இட்டார்.

அப்படியானால் போரில் நிற்பவனுக்கு அறத்தோடு பொருந்திய ஆறுதல் என்று ஒன்று இல்லையா? உண்டு என்பதற்கு லெனின்கிராட்டை நாம் நினைக்கிறோம். 1941 செப்டம்பரில் முற்றுகை தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அந்நகரத்தின் பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பாண் 125 கிராம். ஒலிபரப்ப எதுவும் இல்லாத வேளைகளில் வானொலி வெறும் தாளக் கருவியின் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. நிலையம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஓல்கா பேர்க்கோல்ற்ஸ் என்ற பெண் கவிஞர் ஒலிவாங்கியின் முன் நின்று கவிதை வாசித்தார். அவருடைய கணவர் 1942 ஜனவரியில் அதே பஞ்சத்திலே மாண்டார். வானொலி இசைக்குழுவில் வாத்தியத்தைத் தூக்கும் வலுவுடையோர் சிலரே எஞ்சியிருந்தனர். முன்னரங்கிலிருந்த இசை தெரிந்த சிப்பாய்களை அழைத்துச் சேர்த்துக்கொண்டு, 1942 ஆகஸ்ட் 9ஆம் நாள், ஷொஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள். முற்றுகையிட்டிருந்த ஜேர்மன் படையை நோக்கியும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன.

லெனின்கிராட் வானொலி முழு உண்மையையும் சொல்லிற்று என்று நாம் சாதிக்க வரவில்லை. பட்டினிச் சாவுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தடை இருந்தது. பேர்க்கோல்ற்ஸ் மொஸ்கோவுக்குப் போனபோது அங்கேயும் அதைச் சொல்ல விடவில்லை என்று அவர் மனங் கசந்து எழுதியிருக்கிறார். சோவியத் அரசின் இந்தத் தவறை மறைப்பது நேர்மையன்று. ஆனால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பேசியவரும் கேட்டவரும் ஒரே 125 கிராம் பாணைத் தின்றார்கள். ஆறுதல் மேலிருந்து வழங்கப்படவில்லை, பக்கத்திலிருந்து வந்தது.

இனி நமது தீவுக்கு வருவோம். 1944 ஏப்பிரலில் மவுண்ட்பேற்றன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்திலிருந்து பர்மா யுத்தம் வழிநடத்தப்பட்டது. அங்கே போரிட்ட பதினான்காவது படையை 'மறக்கப்பட்ட படை' என்று அதன் சிப்பாய்களே சொல்லிக்கொண்டார்கள். அதில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். கிழக்கு ஆபிரிக்கரும் மேற்கு ஆபிரிக்கரும் இருந்தனர். அவர்களில் மறக்கப்பட்டோர் யார் என்று பின்னர் எழுதப்பட்டபோது, வெள்ளைச் சிப்பாயே முதலில் நினைக்கப்பட்டான் என்பது வேறு கதை. இந்தப் படைகளின் மனச்சோர்வைப் போக்குவதற்கே கொழும்பில் 'றேடியோ சீயாக்' தொடங்கப்பட்டது. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, ஜப்பான் சரணடைந்த பின்னரே முழு வலுவோடு இயங்கத் தொடங்கிற்று.

யுத்தம் முடிந்தபின் சிப்பாய்க்கு எதற்கு வானொலி என்று கேட்கலாம். யுத்தம் முடிந்தது, ஆனால் சிப்பாய் வீட்டுக்குப் போகவில்லை. டச்சுக்காரருக்கு இந்தோனேசியாவையும் பிரெஞ்சுக்காரருக்கு இந்தோசீனாவையும் திருப்பிக் கொடுக்கும் வேலை மீதமிருந்தது. 1945இன் இறுதியில் சுரபாயாவிலும் சைகோனிலும் பிரித்தானியத் தளபதிகளின் கீழ் இந்தியச் சிப்பாய்கள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். பாசிசத்தை எதிர்ப்பதற்கென்று உடுத்த சீருடையோடு, விடுதலை கேட்டவர்களைச் சுடும்படி அவர்கள் பணிக்கப்பட்டார்கள். இதற்கு எந்தப் பாட்டு ஆறுதலாக அமையும்?

1946 ஜனவரியிற் பிரித்தானிய விமானப்படைச் சிப்பாய்கள் கராச்சியில் வேலைநிறுத்தம் செய்தனர். 'எப்போது எங்களை வீட்டுக்கு அனுப்புவீர்கள்?' என்பதே அவர்களின் வினா. நிலையத்துக்கு நிலையம் செய்தி பரவி இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அது எட்டிற்று. அடுத்த மாதம் 18ஆம் நாள் பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். கெட்ட உணவில் தொடங்கி நாட்டின் விடுதலை வரை அவர்களின் கோரிக்கைகள் நீண்டன. கிளர்ச்சி மூண்ட 'தல்வார்' என்னும் நிலையம் சமிக்ஞைப் பயிற்சிக்கூடம் என்பது கருதத்தக்கது. கம்பியில்லாத் தந்தி இயக்கப் பழகிய அந்தக் கைகள், மேலிருந்து வந்த கட்டளைகளை வாங்கி அனுப்பிய அதே கருவிகளைக் கொண்டு, கப்பலுக்குக் கப்பல் தங்கள் சொல்லை அனுப்பின. தேசியத் தலைவர்கள் அவர்களைச் சரணடையுமாறு கேட்டார்கள். ஐந்தாறு நாட்களில் அது அடங்கிற்று. ஆனால் அந்த ஐந்தாறு நாட்களும் செவியாக மட்டும் இருந்தவர்கள் நாவாக இருந்தார்கள்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1917 நவம்பரில், போர்நிறுத்தப் பேச்சைத் தொடங்க ருஷ்யத் தளபதி டுகோனின் மறுத்தபோது, லெனின் தளபதிகளை விட்டுவிட்டுக் கம்பியில்லாத் தந்தி மூலம் நேரே சிப்பாய்களை நோக்கிப் பேசினார். முன்னரங்கிலுள்ள படைப்பிரிவுகள் தாமே பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்து எதிர்ப்பக்கத்தாரோடு பேசலாம் என்பது அச்செய்தி. சிப்பாயைக் கேட்பவனாக மட்டும் கருதாமல் செய்பவனாகக் கருதிய செய்தி அது. நம்முடைய தீவின் சிப்பாய்களுக்கும் ஒரு நினைவு உண்டு. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவுகளில் இலங்கைப் பீரங்கிப்படையினர் சிலர் தம் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தனர். அது தோற்றது. கிரேஷன் பெர்னாண்டோவும் வேறு இருவரும் அந்த ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களின் திட்டம் ஜப்பானியரின் கையில் தீவை ஒப்படைப்பதாக இருந்தமையால் நாம் அதை வழிபட வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஏகாதிபத்தியத்தை வெறுத்து இன்னொன்றின் வானொலியை நம்பும் நிலைக்கு ஒரு மனிதன் தள்ளப்படுவது எப்படி என்பதை நாம் சிந்தியாமல் இருக்கலாகாது.

ஆகவே பாட்டு குற்றவாளியன்று. அதைக் கேட்டவனும் குற்றவாளியல்லன். ஆறுதல் அளிப்பவன், தான் அளிக்கும் ஆறுதலோடு கேட்பவனின் வாயையும் அடைக்கும்போதே அங்கு அறம் பிறழ்கிறது என்பது நமது கருத்து. பெல்கிறேட்டின் பாட்டு இரு படைகளின் கண்களையும் நனைத்தது. மறுநாட் காலையில் இரு படைகளும் வழமை போலச் சுட்டன. அப்பாட்டைப் பாடிய லாலே அண்டர்சன், சுவிற்சர்லாந்திலிருந்த தம் யூத நண்பர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தமைக்காக 1942இல் மேடையிலிருந்து விலக்கப்பட்டார். குரல் மட்டும் தட்டில் வேண்டும். அக்குரலுக்கு உரியவள் ஒரு கடிதம் எழுதக்கூடாது! 1970 ஜனவரியில், சைகோனில் அமெரிக்கப் படையினருக்கான தொலைக்காட்சியிற் செய்தி வாசித்த ஒரு சிப்பாய், உண்மையைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்று நேயர்களிடமே சொல்லிவிட்டான். அவன் செய்தி மேசையிலிருந்து அகற்றப்பட்டுத் தூரத்து முகாம் ஒன்றுக்கு மதகுருவின் உதவியாளனாக அனுப்பப்பட்டான். அந்நகரத்திலிருந்த அமெரிக்க வானொலி 1975 ஏப்பிரல் 29ஆம் நாள், சைகோனின் கொடும் வெயிலில், பனி விழும் நத்தாரைப் பற்றிய பாட்டை ஒலிபரப்பியது. அமெரிக்கர் நகரத்தை விட்டு ஓடவேண்டிய வேளை வந்துவிட்டது என்பதற்கு அது குறிப்பொலி. ஆறுதலுக்கென்று பிறந்த பாட்டு இறுதியில் ஒரு மணியோசையாக மட்டும் எஞ்சிற்று.

ஏக்கலை ஒலிபரப்பி 1949இல் இலங்கை அரசின் கைக்கு மாறியது. மறு ஆண்டு இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அதன் துணையோடு தொடங்கிற்று. படைவீரருக்கென்று வாங்கிய அந்தக் கருவி சவர்க்காரத்தையும் பற்பசையையும் விற்கும் கருவியாயிற்று. 1952இலிருந்து இந்திய அரசின் வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கத் தொடங்கியபோது, தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளெல்லாம் கொழும்பை நோக்கி அலைவரிசையைத் திருப்பின. தபாலட்டை வாங்கி, வேண்டிய பாட்டின் பெயரையும் தம் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்பினார்கள். பெயர் வாசிக்கப்படும் நாளிற் குடும்பமே பெட்டியைச் சுற்றி அமர்ந்திருக்கும். முன்பு பர்மாக் காட்டிலிருந்து திரும்பியவர்களும் அவர்களிடையே இருந்தார்கள்.